வீட்டு வேலைகளுக்கு ஏணி: ஒன்றே போதுமா, இரண்டு வேண்டுமா?

கேள்வி: பொருநைக்கரை, பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். வாடகை வீட்டிலிருந்து அண்மையில் சொந்த வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். வாடகை வீட்டில் இருந்தவரை ஏணி தேவைப்பட்டால் கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்வோம். இனி சொந்தமாக ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்ற நிலையில் உங்கள் ஆலோசனையை நாடுகிறேன்.

வீட்டின் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து மேல்தளம் வரை பத்தரை அடி. கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் அறையின் நடுவே மின்விசிறிகள் இருக்கின்றன. சமையலறையில் ஏழடி உயரத்தில் பரண். பித்தளை அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டிகள் எல்லாம் அதில்தான். மாடிப்படியின் திருப்பத்தில், படிகளுக்கு நேர் மேலே ஒரு குழல்விளக்கு இருக்கிறது. மொட்டை மாடியில் படிக்கட்டு அறையின் கூரைமீது ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை வைத்திருக்கிறார்கள். அந்தக் கூரை மாடித் தரையிலிருந்து எட்டரை அடி உயரம்.

கடையில் மூன்று வகைகளைக் காட்டினார்கள். முதலாவது, ஒன்றுக்குள் ஒன்று இறங்கிச் சிறிதாகிவிடும் டெலஸ்கோப்பிக் ஏணி. இரண்டாவது, நான்கு துண்டுகளாக மடங்கும் பல்நோக்கு ஏணி. மூன்றாவது, இரு பக்கமும் விரித்து நிறுத்தும் சாதாரண அலுமினிய ஏ-டைப் ஏணி. டெலஸ்கோப்பிக் ஒன்று வாங்கினால் வீட்டில் எல்லா வேலையும் முடிந்துவிடும் என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். என் மனைவி ஐந்தடி உயரம், நான் ஐந்தரை அடி. எழுபது வயதைக் கடந்த என் தந்தை, நாற்காலிமேல் முக்காலியை வைத்து ஏறி விசிறி துடைக்கும் பழக்கத்தை விட மறுக்கிறார் என்பதுதான் என் பெரிய கவலை. எந்த வகை, எத்தனை அடி என்று தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கட்டடப் பொறியாளர், மதுரை

வணக்கம் ஐயா. அளவுகளோடு கேட்டிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. பெரும்பாலானோர் "ஆறடி ஏணி, எட்டடி ஏணி" என்று ஏணியின் மொத்த உயரத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது, நம் பாதம் பாதுகாப்பாக நிற்கக்கூடிய மேல்படி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே. சாதாரண ஏ-டைப் ஏணியின் உச்சியிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது. முழங்காலுக்கு அணைவாக எதுவும் இல்லாத அந்த உயரத்தில் உடல் சற்றுப் பின்னால் சாய்ந்தாலே நிலை தவறிவிடும். ஆகவே ஆறடி ஏணி என்று வாங்கியதில் நாம் நிற்கக்கூடிய உயரம் நான்கடியைச் சுற்றித்தான் இருக்கும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தளம் பத்தரை அடி, விசிறியின் தண்டும் மோட்டாரும் சேர்ந்து ஒன்றேகால் அடி என்றால் இறக்கைகள் ஒன்பதேகால் அடி உயரத்தில் சுழல்கின்றன. இறக்கை துடைக்கிறவரின் தலைக்குச் சற்று மேலேயே இருந்தால்தான் கையை முழுவதும் மேலே நீட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேலை செய்யாமல் தப்பலாம். அண்ணாந்து நிற்கும்போதுதான் பலருக்குத் தலை சுற்றுகிறது. ஐந்தரை அடி உயரமுள்ள நீங்கள் மூன்றடி உயரத்தில் நின்றால் இந்த வேலையைச் சிரமமின்றிச் செய்யலாம். உங்கள் மனைவிக்கு மூன்றரை முதல் மூன்றேமுக்கால் அடி வேண்டும். பரணுக்கும் இந்த உயரமே பொருந்தும். ஏழடியில் உள்ள பரணிலிருந்து அண்டாவைப் பத்திரமாக இழுக்க, பரணின் தரை நம் மார்புக்கோ தோளுக்கோ நேராக இருக்க வேண்டும். கையை நீட்டித் தலைக்குமேலிருந்து கனமான பொருளை இழுத்தால் அது நம்மேல்தான் வந்து விழும்.

ஆகவே, நிற்பதற்கு அகலமான மேல்தட்டும் அதற்குமேல் இரண்டடி உயரத்துக்கு வளைந்த கைப்பிடியும் உள்ள, மேல்தட்டையும் சேர்த்து ஐந்து படி கொண்ட ஏ-டைப் ஏணியை வாங்குங்கள். படிகளுக்கிடையே ஒன்பது அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மேல்தட்டு மூன்றேமுக்கால் அடியில் வரும். நான்கு படி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். உயரமானவர் ஐந்து படி ஏணியில் ஒரு படி கீழே நின்றுகொள்ளலாம். உயரம் குறைந்தவர் இல்லாத படியில் நிற்க முடியாது. வீட்டில் பலரும் பயன்படுத்தும் பொருளைக் குள்ளமானவரின் உயரத்தை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையில் படியின் அகலத்தை அளந்து பாருங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 131, முன்பின்னாக 80 மில்லிமீட்டருக்குக் குறையாதவற்றையே தட்டைப் படி என்று கொள்கிறது. அதற்குக் குறைந்தவை குறுக்குக் கம்பி வகையைச் சேர்ந்தவை. நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு ஏறுகிறோம். குறுகிய கம்பிமேல் சிறிது நேரம் நின்றாலே உள்ளங்கால் வலிக்கத் தொடங்கும். வலிக்கும்போது காலை மாற்றி மாற்றி வைப்போம், அந்த அசைவுதான் ஏணியையும் அசைக்கிறது. பளு அளவையும் ஏணியில் ஒட்டியிருக்கும் வில்லையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஐரோப்பியத் தரம் மொத்தப் பளு 150 கிலோ என்று வகுத்திருக்கிறது. அமெரிக்க முறையில் வீட்டு உபயோகத்துக்கான மூன்றாம் வகை 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 90 கிலோதான் தாங்கும். இரண்டாம் வகை 102 கிலோ, முதல் வகை 113 கிலோ. இது ஆளின் எடை மட்டுமல்ல. கையில் உள்ள அண்டா, துளையிடும் கருவி எல்லாம் சேர்ந்தது. எழுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் பதினைந்து கிலோ பெட்டியோடு இறங்கினால் 90 கிலோ வகை தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

வாங்குவதற்கு முன் கடையிலேயே ஏணியை முழுவதும் விரித்து, இரண்டாவது படியில் ஏறி நின்று இடுப்பைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். சட்டங்கள் முறுகினால் அதைத் தவிர்த்துவிடுங்கள். நான்கு கால்களிலும் உள்ள ரப்பர் புஷ் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வழவழப்பான டைல்ஸ் தரையில் ஏணியைப் பிடித்து நிறுத்துவது அந்த ரப்பர்தான். அது தேய்ந்து அலுமினியம் வெளியே தெரியத் தொடங்கிய பிறகும் பலர் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் தந்தையாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எவ்வளவு நல்ல ஏணி வாங்கினாலும் அவரை ஏற விடாதீர்கள். விசிறி துடைப்பதற்கென்றே நீண்ட கைப்பிடியுடன் வளைந்த துடைப்பான் கிடைக்கிறது. அதை அவர் கையில் கொடுத்தால் தரையில் நின்றபடியே செய்துகொள்வார். "நீங்கள் செய்யக் கூடாது" என்று தடுப்பதைவிட, செய்ய ஒரு வழி கொடுப்பதைப் பெரியவர்கள் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

பதில்: மின்பணி ஒப்பந்ததாரர், கோவை

மேலே நண்பர் உயரத்தையும் பளுவையும் தெளிவாக எழுதிவிட்டார். மின்சாரம் பற்றிய பகுதியை நான் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் வீட்டில் ஏணி ஏறும் வேலைகளில் பல விளக்கு அல்லது விசிறியைச் சார்ந்தவை.

அலுமினியம் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். விசிறி துடைப்பது, பல்பு மாற்றுவது போன்ற வேலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு அலுமினிய ஏணியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் நிறுத்துவது என்றால் சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பது மட்டுமல்ல. சில பழைய வீடுகளில், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்குப் பதிலாக, அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் சுவிட்சை இணைத்திருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையுமே தவிர, ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே மெயினை அணைக்க வேண்டும். மெயினை அணைத்த பிறகும் ஓர் ஆபத்து மீதமிருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மின்தடை ஏற்பட்டுவிட்டது என்று எண்ணி அது உடனே பேட்டரியிலிருந்து விசிறிக்கும் விளக்குக்கும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். நாம் ஏணியில் நின்று தொடப்போவதும் அதே விசிறியும் விளக்கும்தான். எனவே இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, அந்த இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே கையை வையுங்கள்.

மின்சாரத்தை நிறுத்த முடியாத வேலைகளை எங்களைப் போன்றவர்களிடம் விட்டுவிடுங்கள். நாங்கள் ஃபைபர் ஏணிதான் கொண்டுவருவோம். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த அதன் பக்கச் சட்டங்கள், உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியத்தைவிடக் கனமாகவும் விலை கூடுதலாகவும் இருப்பதால், வீட்டு உபயோகத்துக்கு அதை வாங்குங்கள் என்று எல்லோரிடமும் நான் சொல்வதில்லை. வாங்குகிறவர்கள் வெயிலில் போட்டுவைக்காதீர்கள். தொடர்ந்து வெயில் பட்டால் மேற்பரப்பு வெளுத்து, உள்ளே இருக்கும் இழைகள் முள் போல வெளியே வந்து கையில் குத்தும்.

மூங்கில் ஏணி மின்சாரத்துக்குப் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக இருக்கிறது. உலர்ந்த மூங்கிலுக்கு அது ஓரளவு பொருந்தும். மழையில் நனைந்ததற்கும் ஈரத்தரையில் கிடந்ததற்கும் பொருந்தாது. வீட்டில் மூங்கில் ஏணி இருந்தால் படிகள் செருகியிருக்கும் இடத்தில் நீளவாக்கில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தூள் இருந்தால் உள்ளே உளுத்துவிட்டது என்று பொருள். அழகுக்காக அதற்கு எனாமல் பெயிண்ட் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். பெயிண்ட் வெடிப்பை மறைத்துவிடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, நீளமான ஏணியை வீட்டுக்கு வெளியே நிமிர்த்தும்போது மேலே பாருங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரும், தெருவில் மாடி முகப்பை ஒட்டியே செல்லும் மின்கம்பிகளும் நமக்குப் பழகிப்போய்க் கண்ணில் படுவதில்லை. படுத்திருக்கும் பன்னிரண்டடி அலுமினிய ஏணியை ஒருவர் தனியாக நிமிர்த்தினால் அதன் மேல்முனை எந்தப் பக்கம் சாயும் என்பது அவர் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. இருவராக, கம்பிக்கு எதிர்ப்பக்கமிருந்து நிமிர்த்த வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த ஒரு தவறு இரண்டாம் வாய்ப்பைத் தருவதில்லை.

பதில்: அடுக்ககவாசி, தாம்பரம்

டெலஸ்கோப்பிக் ஏணியை வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். அது மோசமான பொருள் அல்ல. மூன்றடி உயரத்துக்குள் சுருங்கி, கதவுக்குப் பின்னாலோ மகிழுந்தின் பின்பகுதியிலோ அடங்கிவிடுகிறது. எங்களைப் போல அடுக்ககத்தில் வசிப்பவர்களுக்கு அந்த வசதியின் அருமை தெரியும்.

ஆனால் பொருநைக்கரை அவர்களின் தேவைக்கு அது பொருந்தாது. ஒற்றையாக நீளும் வகையைச் சுவரில் சாய்த்துத்தான் நிறுத்த முடியும். அறையின் நடுவே தொங்கும் விசிறிக்கு எதில் சாய்ப்பது? கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஏ-டைப்பாகவும் மாற்றக்கூடிய டெலஸ்கோப்பிக் வகையும் இருக்கிறது. அதில் இந்தக் குறை தீர்ந்தாலும், படிகள் குறுகலாகவே இருப்பதால் நின்று வேலை செய்யச் சுகமாக இருக்காது.

அதைப் பராமரிப்பதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு படியின் இரு முனைகளிலும் ஒரு பூட்டுப் பின் இருக்கிறது. ஏணியை நீட்டும்போது கீழிருந்து மேலாகவா, மேலிருந்து கீழாகவா என்று அதன் குறிப்பேட்டில் உள்ள வரிசைப்படி நீட்டி, ஒவ்வொரு பூட்டும் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே ஏற வேண்டும். குழாய்களுக்கிடையே மணலோ சுண்ணாம்புத் தூளோ புகுந்தால் பூட்டு முழுமையாக விழாது. சுவரைச் சுரண்டும் வேலைக்கும் பெயிண்ட் அடிக்கும் வேலைக்கும் அதை இரவல் கொடுக்காமல் இருப்பது இதனால்தான். மடக்கும்போது விரல்களைப் படிகளுக்கு நடுவே வைத்தால் மேல்படி சட்டென்று இறங்கி நசுக்கிவிடும். குழந்தைகளிடம் அதைக் கொடுக்கவே கூடாது.

நான்கு துண்டுப் பல்நோக்கு ஏணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேராக நீட்டினால் சாய்வு ஏணி, நடுவில் மடித்தால் ஏ-டைப், மேசை போல நிறுத்திப் பலகை போட்டால் சிறிய சாரம் என்று பல வேலைகளுக்கு உதவும். தாமே பெயிண்ட் அடிக்கும் ஆர்வமுள்ளவர்களுக்கு ஏற்றது. ஆனால் கனமானது. ஒவ்வொரு கீலின் இருபுறப் பூட்டுகளையும் சரிபார்க்க வேண்டியிருப்பதால், பரணிலிருந்து ஒரு பாத்திரம் எடுக்க அதை யாரும் விரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எடுத்து நிறுத்தச் சோம்பலாக இருக்கும் ஏணி வீட்டில் இருந்தால் கை தானாக நாற்காலியைத்தான் தேடும். ஆகவே மதுரை நண்பர் சொன்ன ஐந்து படி ஏணியே சரி. அதையும் மாடியில் கொண்டுபோய்ப் போடாமல், சமையலறைக்கு அருகே எட்டி எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: பொருநைக்கரை, பாளையங்கோட்டை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்வெர்ட்டர் பற்றிய தகவல் எனக்குப் புதியது. எங்கள் வீட்டில் கூடத்து விசிறியும் படிக்கட்டு விளக்கும் அந்த இணைப்பில்தான் உள்ளன. ஐந்து படி ஏணி என்று முடிவு செய்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படி விளக்குக்கும் இந்த ஏணி உதவாது என்று புரிகிறது. அவற்றுக்கு என்ன செய்வது? தொட்டி கழுவுவதற்கும், மிதவை வால்வு சரிபார்ப்பதற்கும் ஆண்டுக்குச் சிலமுறை ஏற வேண்டியிருக்கிறது.

பதில்: கட்டடப் பொறியாளர், மதுரை

தொட்டிக்குச் சாய்வு ஏணி வேண்டும். அதன் கணக்கு எளிது. ஏணி சாயும் இடம் எவ்வளவு உயரமோ அதில் நான்கில் ஒரு பங்கு தொலைவில் அடிக்கால் இருக்க வேண்டும். அப்போது ஏணி ஏறத்தாழ 75 பாகையில் நிற்கும். உங்கள் எட்டரை அடிக் கூரைக்கு அடிக்கால் சுவரிலிருந்து இரண்டடிக்குச் சற்றுத் தள்ளி வரும். கூரைமீது காலெடுத்து வைக்கும்போது பிடித்துக்கொள்ள, கூரை விளிம்புக்குமேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும். ஆக மொத்தம் பன்னிரண்டடி ஏணி. விளிம்புக்குமேல் ஓரடியளவே நீண்டிருக்கும் பத்தடி ஏணியில் ஏறுவது எளிது. இறங்கும்போதுதான், போதிய பிடிமானம் இல்லாமல் பின்பக்கமாகக் காலைவிட்டு முதல் படியைத் துழாவ வேண்டியிருக்கும். தொட்டியின்மீதோ பி.வி.சி. குழாய்மீதோ ஏணியைச் சாய்க்காதீர்கள். இரண்டும் வளைந்து கொடுக்கும்.

ஆயினும், ஆண்டுதோறும் ஏறவேண்டிய இடம் என்பதால், வெல்டிங் பட்டறையில் ஓர் இரும்பு ஏணி செய்து சுவரில் நிலையாகப் பொருத்திவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். படிகளுக்கிடையே ஓரடி, அகலம் ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி, சுவருக்கும் படிக்கும் நடுவே ஏழு அங்குலம் இருக்கட்டும். இந்தக் கடைசி அளவைப் பட்டறையில் பெரும்பாலும் குறைத்துவிடுகிறார்கள். இடைவெளி போதாவிட்டால் கால்விரல் மட்டுமே படியில் ஊன்றும், குதிகால் முழுவதும் அந்தரத்தில் இருக்கும். பக்கச் சட்டங்களைக் கூரைக்குமேல் மூன்றடி உயர்த்தி, கூரைப்பக்கமாக வளைக்கச் சொல்லுங்கள். பூச்சில் மட்டும் நிற்கும் திருகாணிகளுக்குப் பதிலாக, கான்கிரீட்டில் பதியும் ஆங்கர் போல்ட்டுகளைப் போட வேண்டும். துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே எனாமல் அடிக்க வேண்டும்.

ஏணியை எந்தச் சுவரில் பொருத்துகிறீர்கள் என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். படிக்கட்டு அறை பெரும்பாலும் வீட்டின் ஓரத்தில், கைப்பிடிச் சுவரை ஒட்டியே இருக்கும். அந்த ஓரத்தில் ஏணி இருந்து, பாதி உயரத்தில் கைநழுவினால், மூன்றடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவிலேயே விழ நேரிடும். மொட்டை மாடியின் உட்புறத்தைப் பார்த்த சுவரில் பொருத்தினால் விழுந்தாலும் மாடித் தரையோடு நிற்கும். இரும்பு ஏணி தயாராகும்வரை தொட்டி வேலை வந்தால், சென்ட்ரிங் சாமான் வாடகைக் கடைகளில் சாய்வு ஏணி கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஏறி, மேல்முனையைக் கயிற்றால் கட்டும்வரை மற்றவர் அடியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாடிப்படி விளக்கைப் பொறுத்தவரை, படிகளின்மேல் எந்த ஏணியையும் நிறுத்த வேண்டாம். உயர வேறுபாட்டைச் சரிக்கட்டச் செங்கல்லோ பலகையோ வைத்து ஏணியின் ஒரு காலைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. கால்களைத் தனித்தனியாக நீட்டிக்கொள்ளும் ஏணிகள் உண்டு. ஒரு விளக்குக்காக அதை வாங்குவானேன்? விளக்கின் இடத்தையே மாற்றிவிடலாம். கோவை நண்பர் இதில் கருத்துச் சொல்லட்டும்.

பதில்: மின்பணி ஒப்பந்ததாரர், கோவை

தாராளமாக மாற்றலாம். திருப்பத்தில் உள்ள சமதளத்தில் நின்றால் கைக்கு எட்டும்படி, ஆறரை அடி உயரத்தில் பக்கச் சுவரில் ஓர் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தச் சொல்லுங்கள். இப்போதுள்ள விளக்கின் இணைப்பிலிருந்தே ஒயரைச் சுவரோடு கேசிங் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) போட்டுக் கீழே இறக்கிவிடலாம் என்பதால் சுவரை உடைக்கத் தேவையில்லை. மாடியிலும் கீழ்த்தளத்திலும் டூ-வே சுவிட்சுகள் (ஒரே விளக்கை இரு இடங்களிலிருந்தும் இயக்குபவை) இருந்தால் அவை அப்படியே வேலை செய்யும். ஏறி இறங்குபவரின் கண் கூசாமலிருக்க, பால்நிற மூடி உள்ள விளக்காகப் பார்த்து வாங்குங்கள். பழைய குழல்விளக்கைக் கழற்றும் வேலையையும் அந்த மின்பணியாளரிடமே ஒப்படைத்துவிடுங்கள். கழற்றிய இடத்தில் ஒயர் முனைகளை மூடி, சீலிங் ரோஸை (மேல்தளத்தில் ஒயர் இணையும் வட்டமான பெட்டி) தட்டு போட்டு அடைத்துவிட்டாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.